அப்பா சுண்டிய காசு

தங்கைக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு காசு. பெட்டியில் இருந்த வெள்ளிக் காசுகளை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகட்டும், அவளுக்குக் கவலை இல்லை. கோட்டுப் பித்தான் அளவில், தடிமனாக, கறுத்துப்போய், விளிம்பில் எலி கடித்த மாதிரி ஒரு வெட்டு விழுந்த செம்புக் காசு. அது மட்டும் கைக்கு வந்துவிட வேண்டும். அதை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டி, "பார், நல்லாப் பார். ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் பூ. நான் உன்னை ஏமாத்தல" என்று சொல்ல வேண்டும். வருஷக்கணக்காகத் தொண்டையிலேயே நிற்கிற வார்த்தை அது.

சொந்த அப்பாவின் காசை ஏலக்கடைக்கு வந்து காசு கொடுத்து வாங்குவானேன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்தக் குடும்பத்தின் வீம்பு உங்களுக்குத் தெரியாது.

அப்பா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். அவசரத்தில் ஜனங்கள் என்னென்னவோ காசை எல்லாம் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். எந்த ஊரிலும் செல்லாத காசு, அரசாங்கமே நிறுத்திய காசு, கடல் தாண்டி வந்த ஓட்டைக் காசு. மற்ற குமாஸ்தாக்கள் திட்டிக்கொண்டே திருப்பித் தள்ளுவார்கள். அப்பா சந்தோஷமாக எடுத்து வைத்துக்கொண்டு, தன் பையிலிருந்து நல்ல காசைப் போட்டுக் கணக்கை நேர் செய்வார். "செல்லாக்காசுக்கு நல்ல காசு குடுக்கிற புத்திசாலி இந்த ஊர்லயே உங்கப்பா ஒருத்தர்தான்" என்று அம்மா சிரிப்பாள். அப்படிச் சேர்ந்து சேர்ந்து, பிறகு பழைய பொருள் கடைகளில் தேடித்தேடி வாங்கி, ஒரு இரும்புப் பெட்டியே நிறைந்துவிட்டது.

பிள்ளைகள் அந்தப் பெட்டியைத் தொட்டால் போச்சு. "விரல்ல எண்ணெய் இருக்கும், ரேகை விழும், ஓரத்தைப் பிடி, ஓரத்தை!" என்று பதறுவார். அப்படிப்பட்ட மனிதர் அந்தச் செம்புக் காசை மட்டும் சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு போட்டு வைத்திருந்தார். வீட்டில் பிள்ளைகளுக்குள் சண்டை என்றால் உடனே அது வெளியே வரும். "தலையா, பூவா?" அண்ணன் எப்போதும் தலை. தங்கை எப்போதும் பூ. காசு கூரையைத் தொட்டுவிடும் போலப் பறக்கும், அப்பா லபக்கென்று பிடித்து மணிக்கட்டில் அறைந்து, உள்ளங்கையை லேசாகத் தூக்கித் தான் மட்டும் பார்ப்பார். "பூ." அவ்வளவுதான். காசு பைக்குள் போய்விடும், சண்டையும் முடிந்துவிடும். பஸ்ஸில் ஜன்னலோரம் யாருக்கு, புது சைக்கிளை முதலில் ஓட்டுவது யார், மிச்சமிருக்கும் ஒரு துண்டு கேக் யாருக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான் கோர்ட்டு. அப்பீல் கிடையாது.

கடைசி வழக்கு அம்மா போன பிறகு வந்தது. அப்பா யார் வீட்டில் இருப்பது? அண்ணன் லிஃப்ட் மெக்கானிக், கை சும்மா இருக்காது. அப்பாவுக்கென்று ஒரு அறையை இளநீல வர்ணம் அடித்து, குளியலறையில் வழுக்கி விழாமல் இருக்கக் கைப்பிடிக் கம்பியும் பொருத்தி, தயாராக வந்து நின்றான். தங்கையும் கூப்பிட்டாள். அப்பா பழக்கம் விடாமல் காசைச் சுண்டினார், பிடித்தார், எட்டிப் பார்த்தார். "பூ" என்றார்.

அதுவரை வாழ்நாளில் கேட்காததை அண்ணன் அன்று கேட்டான். "காட்டுங்க."

அப்பா கையை மூடிக்கொண்டார். "சொல்லியாச்சு இல்ல?" என்று காசைப் பைக்குள் போட்டார்.

"அப்ப ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டீங்க. அதானே? என்னை எதுக்குக் கோமாளியாக்கறீங்க?" என்று அண்ணன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். அதன் பிறகு வந்தான், போனான், மருந்து வாங்கிக் கொடுத்தான், கடைசிக் காரியம் வரை எல்லாம் செய்தான். ஆனால் தங்கையோடு பேச்சு என்பது "ம்", "சரி", "பார்க்கலாம்" என்பதோடு சரி. அவளுக்கோ நெஞ்சு எரியும். சத்தியமாக அவள் யாரோடும் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. காசு விழுந்தது, பூ விழுந்தது, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவே. அதை நிரூபிக்கக் காசு வேண்டும். அப்பா போன பிறகு சட்டைப் பைகளைத் துழாவினாள், காசைக் காணோம். சலவைக் கடையில் ஊர்ப்பட்ட சட்டைகளின் பைகளைத் துழாவிப் பார்ப்பதே தொழிலாக இருக்கிறவள் அவள். தன் அப்பா பையில் இருந்ததைக் கோட்டை விட்டாள்.

காசு இரும்புப் பெட்டிக்குள்தான் இருந்தது. கடைசி நாட்களில் அப்பாவே அதில் போட்டுவிட்டுச் சாவியை அண்ணனிடம் கொடுத்திருக்கிறார். "பெட்டியை ஏலக்கடையில வெச்சே திறப்போம். அப்புறம் யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றான் அண்ணன்.

திறந்தார்கள். ஏலக்கடையில் நாணயப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸைத் தொங்கவிட்டிருந்தவள், மெல்லிய கையுறை போட்டுக்கொண்டு நல்ல வெள்ளிகளைத் தனித்தனியாகத் துணி விரித்த தட்டில் அடுக்கினாள். மிச்சத்தை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் கொட்டினாள். "இதெல்லாம் உதிரி. மொத்தமா ஒரே லாட்டாப் போட்டுடலாம். விவரிக்கற அளவுக்கு ஒண்ணும் இல்ல."

உதிரிக் குவியலுக்கு நடுவே வெட்டு விழுந்த விளிம்பு எட்டிப் பார்த்தது. தங்கை அதைக் கண்டுகொண்டாள். ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தாள். அவன் கூரை விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்துக்கறீங்களா? இப்பவே சொல்லிடுங்க. பட்டியல் அச்சுக்குப் போயிட்டா ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் திரும்ப எடுக்க முடியும்" என்றாள் லென்ஸ் அம்மாள்.

"எனக்கு ஒரு காசும் வேண்டாம்" என்றான் அண்ணன்.

"எனக்கு மட்டும் என்ன, வேண்டிக் கிடக்கா?" என்றாள் தங்கை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா பாருங்கள்! வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். இனி அந்தக் காசை எடுக்க வேண்டுமானால் அண்ணனிடம் போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டும். 'வேண்டாம்னியே' என்று அவன் ஒரு பார்வை பார்ப்பான். அதற்குச் செத்துப்போகலாம். ஆகவே அவள் ஒரு திட்டம் போட்டாள். விற்கிறவர்கள் தங்கள் பொருளைத் தாங்களே ஏலம் கேட்கக் கூடாது, ஆள் வைத்தும் கேட்கக் கூடாது என்று லென்ஸ் அம்மாள் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். புருஷனை அனுப்பினால் யாருக்குத் தெரியும்?

புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஊரில் அவருக்கு 'மௌனி' என்று பெயர். நாளெல்லாம் பிள்ளைகள் காதில் கத்தியே அவர் பேச்சை மறந்துவிட்டார் என்பார்கள்.

"நீங்க வாயே திறக்க வேண்டாம். இந்த எண் அட்டையைத் தூக்கினாப் போதும். நான் பின்னாடி உட்கார்ந்திருப்பேன். நாற்காலியை உதைச்சா நிறுத்துங்க" என்றாள்.

மௌனி தலையை ஆட்டினார். ஏதோ சொல்ல வருகிற மாதிரி வாயைத் திறந்து, வழக்கம்போல மூடிக்கொண்டார்.

ஏலத்தன்று கூடம் பாதிக்கு மேல் காலி. வெள்ளிக் காசுகள் எல்லாம் மளமளவென்று போயின. முன்வரிசையில் நாணயக் கடைக்காரர் ஒருவர், தாடிக்காரர், வேண்டியதை வாங்கி முடித்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக உதிரி லாட் வந்தது. ஏலக்காரர் கடமைக்கு ஒரு சொற்பத் தொகையைச் சொன்னார். மௌனி அட்டையைத் தூக்கினார்.

தங்கை நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துச் சுவரோரம் தொலைபேசிகளோடு உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி கையைத் தூக்கினாள். "ஃபோன்ல ஒருத்தர் கேக்கறாங்க."

இதென்ன கஷ்டகாலம்! மௌனி தூக்கினார். தொலைபேசி தூக்கியது. மௌனி தூக்கினார். அடுத்த தடவை கையை இறக்க மறந்து அப்படியே வைத்திருந்தார், ஏலக்காரரே "சார், உங்க தொகைக்கு மேல நீங்களே கேக்காதீங்க" என்றார். கூடத்தில் சிரிப்பு. யார் அந்தப் படுபாவி, இந்தக் குப்பைக்குப் போய் ஃபோனில் மல்லுக்கு நிற்கிறது என்று தங்கை பல்லைக் கடித்தாள். கொடுக்கிற பணத்தில் பாதி தனக்கே திரும்பி வரும், மீதி பாதி அண்ணனுக்குப் போகும் என்கிற கணக்கைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

முன்வரிசையில் தாடிக்காரரின் கொட்டாவி நின்றுவிட்டது. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு உதிரி லாட்டுக்கு இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்றால் அதற்குள் என்னவோ இருக்கிறது, லென்ஸ் அம்மாளே கவனிக்காத என்னவோ! அவருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அவரும் அட்டையைத் தூக்கினார்.

மூன்று பேராகப் போட்டி ஏறியது. தங்கையின் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியபோது அவள் கால் தானாக நாற்காலியை உதைத்தது. மௌனி அட்டையை மடியில் கவிழ்த்தார். தொலைபேசிப் பெண் ரிசீவரில் ஏதோ கிசுகிசுத்து, அவளும் தலையை ஆட்டிவிட்டாள்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" சுத்தியல் விழுந்தது. காசு தாடிக்காரருக்கு.

தங்கை உதைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். போயிற்று. இனிமேல் அண்ணன் சாகிற வரைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பான்.

ஆனால் அவளா விடுவாள்? பொருள் கொடுக்கும் கவுண்டருக்கு விரைந்தாள். தாடிக்காரர் அதற்குள் தட்டை மேஜையில் கொட்டிக் குனிந்து துழாவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு உதவி. அந்த வெட்டு விழுந்த செம்புக் காசு இருக்கே, அதை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. என்ன கேட்டாலும் தர்றேன்."

தாடிக்காரர் நிமிர்ந்தார். அவர் பதில் சொல்வதற்குள் வாசல் பக்கமிருந்து யாரோ மூச்சிரைக்க ஓடிவந்து அதே மேஜையில் கையை ஊன்றினார்கள். "சார்! அந்த விளிம்புல வெட்டு இருக்கிற காசு…"

அண்ணன். கையில் இன்னும் அண்ணியின் கைபேசி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்கள்.

"ஃபோன்ல நீயா?" என்றாள் தங்கை.

"அட்டையைத் தூக்கினது மாப்ளயா?" என்றான் அண்ணன்.

எதிர்த்தெருவில் வண்டிக்குள் அண்ணி ஃபோனில் கேட்க, இவன் பக்கத்தில் பதுங்கி உட்கார்ந்திருக்கிறான். அண்ணனுக்கும் தங்கைக்கும் வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் திருட்டுத்தனத்தில் நன்றாக ஒத்துப்போயிருக்கிறது!

தாடிக்காரர் இதெல்லாம் எங்கே கவனித்தார்? அவர் அந்தச் செம்புக் காசைத் தேடி எடுத்து உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டார். "ஓஹோ. அப்ப இதுதானா அது? இனி இதை யாருக்கும் தர்றதா இல்ல."

"ஐயோ, அது ஒண்ணுத்துக்கும் ஆகாத காசுங்க! எங்கப்பாவோடது!"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க."

கெஞ்சினார்கள், மனிதர் நம்பவில்லை. கெஞ்சக் கெஞ்சக் காசின் மதிப்பு அவர் கண்ணில் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரே ஒரு வழிதான் பாக்கி. தங்கை நேராக லென்ஸ் அம்மாள் முன்னால் போய் நின்றாள். "அம்மா, நாங்க தப்புப் பண்ணிட்டோம். எங்க லாட்டை நாங்களே கேட்டோம். நானும் ஆள் வெச்சேன், எங்க அண்ணனும் ஆள் வெச்சார். ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர்."

லென்ஸ் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் வாங்கு வாங்கென்று வாங்கியதை இங்கே முழுதாகச் சொல்ல முடியாது. படித்துப் படித்துச் சொன்னேனே, உங்கள் வயசுக்கு இது தகுமா, இனி இந்த வாசல்படி மிதிக்காதீர்கள் என்கிற ரகம். அண்ணனும் தங்கையும் சின்ன வயதில் ஹெட்மாஸ்டர் முன்னால் நின்ற மாதிரி தலையைத் தொங்கப் போட்டு நின்றார்கள். கடைசியில் தாடிக்காரரைக் கூப்பிட்டு, "மன்னிக்கணும் சார், இவங்களே ஏத்திவிட்ட விலை இது. இந்த லாட் செல்லாது. நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம்" என்றாள். தாடிக்காரர் அதற்குள் அந்தக் காசைத் தன் கண்ணாடி வழியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தார். "இந்தச் சனியனுக்கா இவ்வளவு கேட்டேன்!" என்று அதை மேஜையில் வைத்துவிட்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று போய்விட்டார்.

லென்ஸ் அம்மாள் காசைத் தங்கையின் பக்கம் நகர்த்தினாள்.

பிறந்ததிலிருந்து பறக்க மட்டுமே பார்த்திருந்த காசை முதல் தடவையாக அவள் விரலால் தொட்டாள். எடுத்தாள். அண்ணன் பக்கத்தில் நிற்கிறான். இதோ, இந்த நிமிஷத்துக்காகத்தானே இவ்வளவும். பார்த்தாள். ஒன்றும் இல்லை. வழவழவென்று தேய்ந்த செம்பு. திருப்பினாள். அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை. தலையும் இல்லை, பூவும் இல்லை. எந்தக் காலத்திலோ, அப்பா கைக்கு வருவதற்கு முன்னாலேயே, இரண்டு பக்கமும் மழுங்கிப்போன காசு.

அண்ணன் சொன்னதுதான் சரி. அப்பா ஒரு நாளும் காசைக் கேட்டு எதையும் சொல்லவில்லை. அன்றைக்கும் தானே முடிவு பண்ணிக்கொண்டு வந்துதான் 'பூ' என்றிருக்கிறார். அவள் கை தன்னை அறியாமல் மூடிக்கொண்டது, அப்பாவின் கை மூடிக்கொண்ட அதே மாதிரி.

"காட்டு" என்றான் அண்ணன்.

இல்லை என்று சொல்லிவிடலாம். கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடலாம். இவ்வளவு வருஷம் பேசாமல் இருந்தவன் இன்னும் கொஞ்ச வருஷம் பேசாமல் இருந்துவிட்டுப் போகிறான். ஆனால் அவளால் முடியவில்லை. கையை விரித்தாள்.

அண்ணன் பார்த்தான். தானே புரட்டினான். மறுபடி புரட்டினான். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவன் அவள் விரல்களை மடக்கிக் காசை மூடிவிட்டான்.

"அப்ப அவருக்கே என்கூட இருக்கப் பிடிக்கல" என்றான் மெல்ல.

"அண்ணா, எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியாதுன்னு இப்ப தெரியுது. உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. அது இல்ல. அவர் என்னை வேண்டாம்னு நினைச்சிருக்கார்."

அப்போது பேசியது யார் என்று நினைக்கிறீர்கள்? மௌனி!

"மச்சான், நான்தான் மாமாவுக்கு ஃபோன் பண்ணினேன்" என்றார். எண் அட்டையை இன்னும் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். "அப்ப எங்க குழந்தை ஆறாம் மாசத்துல வயித்துலயே போயிடுச்சு இல்ல? உங்ககிட்ட எல்லாம் இவ நல்லா இருக்கேன்னு சொல்லிட்டா. நல்லா இல்ல. நீங்க யாரும் இல்லாதப்ப படுக்கையை விட்டு எழுந்துக்கல. சாப்பிடல. நான் வேனை ஓட்டப் போனா, திரும்பி வர்றப்ப என்ன பார்ப்பேனோன்னு பயந்துக்கிட்டே வருவேன். மாமாகிட்ட அழுதேன். அவர் ஒரு வார்த்தைதான் கேட்டார், 'எனக்காக அவ எழுந்து காபி போடுவாளா?'ன்னு. போடுவான்னேன்."

தங்கை புருஷனைப் புதிதாகப் பார்க்கிறவளைப் போலப் பார்த்தாள். அப்பா வந்த மறுநாள் காலையில் சமையலறை வாசலில் நின்று, காபி, காபி என்று அவர் போட்ட கூச்சல் அவளுக்கு ஞாபகம் வந்தது. இது என்ன தொல்லை என்று எரிச்சலோடு எழுந்தவள்தான். அப்படியே தினமும் எழுந்துவிட்டாள்.

"ஏன் மாப்ள என்கிட்ட சொல்லல?" என்றான் அண்ணன்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மாமா சொல்லிட்டார். இவ அவமானப்படுவான்னு. 'அவன் என்மேல கோவிச்சுக்கட்டும், தாங்குவான்'னார்."

அண்ணன் மேஜை ஓரத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை ஒரு கையால் துடைத்துக்கொண்டான். "அந்தப் புது சைக்கிள் ஞாபகம் இருக்கா? எனக்குத்தானே தலை விழுந்துச்சு. நான் அந்த வாரம்தான் பரீட்சையில கோட்டை விட்டிருந்தேன்" என்றான்.

"எனக்கு பஸ்ல ஜன்னலோரம் ஒரு தடவைகூடத் தப்பினதில்ல" என்றாள் தங்கை. "நடுவுல உட்கார்ந்தா வாந்தி எடுப்பேன்."

"கிழவன்" என்றான் அண்ணன். சிரித்தானா அழுதானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "சொல்லியிருந்தா நானே கொண்டுவந்து விட்டிருப்பேனே. அந்தக் கைப்பிடிக் கம்பியக் கழட்டி உன் வீட்ல மாட்டியிருப்பேன். இன்னும் என் வீட்லயேதான் இருக்கு. ஒருத்தரும் பிடிக்கறதில்ல."

தங்கை பொங்கி அழுதாள், கூடத்தில் ஆள் இருக்கிறதே என்று பார்க்கவில்லை. அண்ணன் அவள் தலையில் கையை வைத்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு.

லென்ஸ் அம்மாள் இரண்டு மூன்று தடவை தொண்டையைச் செருமினாள். "அழுதது போதும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டு, இந்த லாட்டை யாராவது ஒருத்தர் எடுத்துட்டுப் போங்க. நான் சாப்பிடப் போகணும்."

"நீயே வெச்சுக்கோ" என்றான் அண்ணன்.

"ஊஹும். உனக்குத்தான்."

"சொன்னாக் கேளு. உன்கிட்டதானே இருந்தார்."

"அதனாலதான் சொல்றேன், காசு உன்கிட்ட இருக்கட்டும்."

"அட ராமா, ஆரம்பிச்சுட்டாங்க!" என்றாள் லென்ஸ் அம்மாள். "முடிவு பண்ண முடியலன்னா, காசு கையிலதானே இருக்கு? சுண்டிப் போட்டுப் பாருங்களேன்!"

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மௌனி வாயைப் பொத்திக்கொண்டார்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு காசைக் கட்டைவிரல் மேல் வைத்தாள். "தலையா, பூவா?"

"தலை" என்றான் அண்ணன், எப்போதும் போல.

காசு பறந்தது. பழக்கமில்லாத கை, பாதிதான் எழும்பியது. ஆனாலும் பிடித்துவிட்டாள். மணிக்கட்டில் அறைந்து, உள்ளங்கையை லேசாகத் தூக்கித் தான் மட்டும் பார்த்தாள்.

"தலை" என்றாள்.

அண்ணன் காட்டச் சொல்லவில்லை. சட்டைப் பையை விரித்துப் பிடித்தான், அவள் காசை அதில் போட்டாள்.